'போனவர் வருவாரா, மாட்டாரா?' – ஒக்கி புயல் விட்டுச்சென்ற முடியாத காத்திருப்பு. மனநல மருத்துவம் என்ன சொல்கிறது?

நவம்பர் கடைசி வாரம் வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் செல்போன்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடும். 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று வானிலை அறிவிப்பு ஒன்று வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் கேள்விகள் ஓடத் தொடங்கிவிடும். யார் யார் கடல்ல இருக்காங்க? எந்தப் படகு இன்னும் திரும்பலை? சிலருக்கு இது வெறும் வானிலைச் செய்தி. சிலருக்கோ வயிற்றைப் பிசையும் ஒரு பழைய நாள் மறுபடியும் தொடங்குகிறது.

அந்தப் பழைய நாள், 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கிய நாள்.

புயலில் சாய்ந்த மின்கம்பங்கள் நிமிர்ந்துவிட்டன. உடைந்த படகுகளுக்குப் பதிலாகப் புதிய படகுகள் வந்துவிட்டன. ஆனால் சில வீடுகளில் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்வி மனசை என்ன செய்கிறது, அதற்கு உதவி உண்டா, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

ஒக்கியில் என்ன நடந்தது?

வங்கதேசம் வைத்த பெயர் 'ஒக்கி'. வங்க மொழியில் 'கண்' என்று பொருள். 2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அடுத்த நாளே புயலாக மாறிக் குமரிக்கடலுக்கு வந்துவிட்டது. பொதுவாகப் புயல் என்றால் சில நாட்கள் முன்னதாகவே பேச்சு அடிபடும். இதில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

கரையில் ரப்பர் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் சரிந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஆனால் பெரிய அடி விழுந்தது கடலில்தான்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, மார்த்தாண்டன்துறை, இரவிபுத்தன்துறை, பூத்துறை, இரையுமன்துறை. கேரள எல்லையை ஒட்டிய இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிற தொழில் இல்லை இது. தங்குகடல் என்றால் வாரக்கணக்கில் கடலிலேயே இருந்து தூண்டில் போட்டு மீன்பிடிப்பது. புயல் அறிவிப்பு வந்தபோது இவர்களில் பலர் கரையிலிருந்து வெகு தூரத்தில், வயர்லெஸ் எட்டாத இடத்தில் இருந்தார்கள்.

அடுத்த நாட்களில் சிலர் லட்சத்தீவில் கரையேறினார்கள். சில படகுகள் மகாராஷ்டிரா, குஜராத் வரை போய் ஒதுங்கின. சில உடல்கள் கேரள மருத்துவமனைகளின் பிணவறைகளுக்கு வந்தன. முகம் பார்த்து அடையாளம் காண முடியாத நிலையில் டி.என்.ஏ பரிசோதனை நடத்த வேண்டியிருந்தது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

தமிழகத்திலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்களின் உடல் கடைசி வரை கிடைக்கவேயில்லை.

உடல் கிடைக்காதது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

மனித மனசு மரணத்தை ஏற்றுக்கொள்ள சில படிகள் வைத்திருக்கிறது. முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பது, குழியில் ஒரு பிடி மண் போடுவது, ஊர் கூடி அழுவது, முப்பதாம் நாள் பூசை வைப்பது. இதையெல்லாம் வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. 'போனவர் இனி வரமாட்டார்' என்பதை மூளைக்கு மெல்ல மெல்லச் சொல்லித்தரும் வழிகள் இவை.

உடலே கிடைக்காத வீட்டில் இந்தப் படிகளில் ஒன்றுகூட இல்லை. குமரிக் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். கல்லறையே இல்லாத குடும்பம் அன்றைக்கு எங்கே போகும்?

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது: 'ஆம்பிகுவஸ் லாஸ்'. தமிழில் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். அமெரிக்காவைச் சேர்ந்த குடும்பநல உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களில் உருவாக்கிய கருத்து இது. வியட்நாம் போரில் காணாமல் போன ராணுவ வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவர் கவனித்தது இதுதான்: ஆள் வீட்டில் இல்லை, ஆனால் மனசுக்குள் முழுசாக இருக்கிறார். இறந்துவிட்டார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

ஒக்கியில் இந்தக் குழப்பத்துக்கு வலுவான காரணமும் இருந்தது. பல நாட்கள் கழித்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளி, உயிரோடு கரையேறியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். 'அவங்க வந்தாங்கல்ல, இவரும் எங்கயாவது ஒரு கரையில இருப்பாரு' என்று ஒரு மனைவி நினைப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர் கண் முன்னால் நடந்ததை வைத்துத்தான் அப்படி நினைக்கிறார்.

பாஸ் அழுத்திச் சொல்வதும் இதையேதான். நோய் அந்தப் பெண்ணிடம் இல்லை, அவர் மாட்டிக்கொண்டிருக்கிற சூழ்நிலைதான் சிக்கலானது. துக்கம் ஓரிடத்தில் உறைந்து நிற்பதற்குக் காரணம், அவர் பலவீனமானவர் என்பது அல்ல. கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான்.

சுனாமியும் இதே கரையில்தானே வந்தது?

ஆமாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில், தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகளில் ஏராளமானோர் இறந்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அங்கே அஞ்சலி நடக்கிறது.

இரண்டு பேரிடரும் ஒரே கரையில் நடந்தாலும், விட்டுச்சென்ற காயம் வேறு வேறு. சுனாமி கடல் வீட்டுக்குள் வந்தது. பெண்களும் குழந்தைகளும் அதிகம் இறந்தார்கள். மொத்தமாகப் புதைக்க வேண்டி வந்தாலும், 'இங்கேதான் இருக்கிறார்கள்' என்று காட்ட ஓர் இடம் இருக்கிறது. ஒக்கியில் கடல் வீட்டுக்கு வரவில்லை. வீட்டிலிருந்து போனவர்கள்தான் வரவில்லை. பெரும்பாலும் ஆண்கள், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர்கள். காட்டுவதற்கு இடம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 2004-ல் பத்து வயதில் அலைக்கு ஓடிய பையன், 2017-ல் இருபத்து மூன்று வயது இளைஞன். முதல் காயம் ஆறிய வேகத்திலேயே இரண்டாவது அடி. இப்படி ஒரே சமூகத்தின் மேல் திரும்பத் திரும்ப அடி விழும்போது, பாதிப்பு தனி ஆளோடு நின்றுவிடாது. ஊரே களைத்துப்போகும் என்கிறார்கள் நிபுணர்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பல்லாண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை 'கூட்டு மனக்காயம்' என்ற கோணத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். 'ட்ரோமா' என்பதற்கு ஈழத் தமிழில் புழங்கும் சொல்லே அழகானது: மனவடு. காயம் ஆறினாலும் வடு இருக்கும். வடு இருப்பதாலேயே காயம் ஆறவில்லை என்றும் ஆகாது.

ஒரு கையெழுத்துக்குள் இருக்கும் சுமை

ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதலாம். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அதே ஏழு ஆண்டைத்தான் சொல்கிறது.

ஏழு ஆண்டு ஒரு மீனவக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? படகுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை என எல்லாவற்றுக்கும் 'அவர் எங்கே?' என்ற கேள்வி வரும். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமலேயே வழங்கியது. பொருளாதார ரீதியில் அது மிக அவசியமான முடிவு.

ஆனால் மனநலக் கோணத்தில் பார்த்தால் இதில் ஒரு வலி ஒளிந்திருக்கிறது. பணம் வாங்க வேண்டுமென்றால், வராதவரை இறந்தவராக ஒப்புக்கொண்டு தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். 'நானே அவரைச் சாகடிச்சிட்டேனோ' என்ற குற்ற உணர்ச்சி வருவதற்கு அந்த ஒரு கையெழுத்து போதும். கணவரின் பெற்றோர் ஒப்புக்கொள்ள மறுத்து, மனைவி ஒப்புக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே விரிசல் விழும். தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது? வெளியே சின்னதாகத் தெரியும் இந்த முடிவுகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை.

இதற்கு உளவியல் ஆலோசகர்கள் சொல்லும் வழி, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது. சான்றிதழ் என்பது அரசாங்கத்துக்கான பதில். மனசு அதே தேதியில் அதே பதிலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இதை யாராவது வாய்விட்டுச் சொன்னாலே பலருக்குப் பாரம் குறையும்.

உயிரோடு திரும்பியவர்களுக்கு என்ன பிரச்னை?

'அதான் உசுரோட வந்துட்டான்ல' என்று ஊர் நிம்மதி அடைந்துவிடும். ஆனால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்தவருக்கு, பக்கத்தில் இருந்த கூட்டாளி கைநழுவிப் போனதைப் பார்த்தவருக்கு, கரையேறியதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

இங்கேதான் பி.டி.எஸ்.டி எனப்படும் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு' வருகிறது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற நோய் இது. முக்கிய அறிகுறிகள்:

- நடந்த சம்பவம் கெட்ட கனவாகவும், விழித்திருக்கும்போதே காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருவது
- அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆட்களைத் தவிர்ப்பது. கடல் பக்கமே போகாமல் இருப்பது
- எப்போதும் உஷாராக இருப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, எரிச்சல், தூக்கமின்மை
- 'எல்லாம் என்னாலதான்' என்ற எண்ணம். யாரோடும் ஒட்ட முடியாமல் மரத்துப்போன உணர்வு

ஏன் இப்படி ஆகிறது? சாதாரண நினைவுகளுக்கு மூளை ஒரு தேதி முத்திரை குத்தி வைக்கும். 'இது போன வருஷம் நடந்தது, முடிந்துபோனது' என்று தெரியும். உயிர் போகும் பயத்தில் இருக்கும்போது மூளையின் அபாய மணியான அமிக்டலா உச்சத்தில் வேலை செய்கிறது. நிகழ்வை வரிசையாகக் கோத்து வைக்கும் ஹிப்போகாம்பஸின் வேலை தடுமாறுகிறது. அதனால் அந்த நினைவு தேதி இல்லாமல், துண்டு துண்டாகப் பதிகிறது. பிறகு காற்று பலமாக அடித்தாலோ, டீசல் வாசம் வந்தாலோ, மூளைக்கு அது பழைய நினைவாகத் தெரிவதில்லை. இப்போதே நடப்பதாகத் தெரிகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரிடர் நடந்த முதல் சில வாரங்களில் இவை எல்லாருக்கும் ஓரளவு இருக்கும். அது நோய் இல்லை. பெரும்பாலானோர் குடும்பம், ஊர், வேலை எனத் திரும்பும்போது தானாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் குறையாமல், வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் பி.டி.எஸ்.டி-யா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

நம்மூரில் இது பெரும்பாலும் மனசின் பெயரில் வெளியே வராது. 'தலை கிறுகிறுங்குது', 'நெஞ்சு படபடங்குது', 'உடம்பெல்லாம் வலி' என்றுதான் வரும். ஸ்கேன், ஈ.சி.ஜி எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் வலி நிற்காது. ஆண்களிடம் பல நேரம் குடியாக வெளிப்படும். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கி, குடித்தால்தான் தூக்கம் என்று முடியும்.

முதல் நாட்களில் எது உதவும், எது உதவாது?

ஒரு காலத்தில், பேரிடர் நடந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து நடந்ததை முழுசாகச் சொல்லவைத்தால் மனக்காயம் வராது என்று நம்பினார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம் என்று தெரிந்ததால், இப்போது அதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது 'உளவியல் முதலுதவி'. 2011-ல் இதற்காகத் தனிக் கையேடும் வெளியானது. மூன்றே படிகள்தான்: கவனி, கேள், இணை. யாருக்கு உடனடி ஆபத்து, யார் தனியாக இருக்கிறார் என்று கவனிக்க வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும், பேசச் சொல்லி நெருக்கக் கூடாது. பிறகு சாப்பாடு, தகவல், உறவினர், மருத்துவர் என அவருக்கு வேண்டியதோடு இணைத்துவிட வேண்டும்.

இதற்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், பங்குத்தந்தை, அன்பியத் தலைவி என யாரும் பயிற்சி பெற்றுச் செய்யலாம். 1999 ஒடிசா சூப்பர் புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், அதன்பின் சுனாமி என ஒவ்வொரு பேரிடரிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் இந்த வழியைத்தான் வளர்த்தெடுத்தது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புவது அது.

தூக்க மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் பென்சோடயசபின் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டியது. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடுவது பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு.

மாதங்கள், வருடங்கள் கழித்தும் சிகிச்சை பலன் தருமா?

தரும். பி.டி.எஸ்.டி-க்கு நல்ல சான்றுகள் உள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், பாதுகாப்பான சூழலில் அந்த நினைவை மெல்ல மெல்ல அணுகி, விடுபட்ட தேதி முத்திரையைக் குத்த உதவுகிறார்கள். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர் என்ற முறையும் உண்டு. தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் தருவார்கள். மூன்று வருடம் கழித்து வந்தாலும் 'ஏன் லேட்டு?' என்று யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கான உதவி கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே 'மறந்துடு, முடிச்சுக்கோ' என்பது வேலைக்கு ஆகாது. பாஸ் சொல்வது, முற்றுப்புள்ளியைத் தேடி அலைய வேண்டாம் என்பதே. 'அவர் அநேகமாகத் திரும்ப மாட்டார். ஆனாலும் என் மனசில் ஒரு மூலை காத்திருக்கிறது' என்ற இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழக் கற்பதுதான் இலக்கு. காத்திருப்பது தவறில்லை. காத்திருப்பதற்காக வாழ்க்கையை நிறுத்தி வைப்பதுதான் ஆளைக் கரைக்கிறது.

நடைமுறையில் இதற்குப் பெரிதும் உதவுவது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து உட்காருவது. உடல் இல்லாவிட்டாலும் ஒரு கல், ஒரு மரம், பெயர்கள் எழுதிய ஒரு பலகை என்று ஓர் இடத்தை உருவாக்கிக்கொள்வது. பிள்ளைகளிடம் 'அப்பா வெளிநாட்டுல இருக்காரு' என்று பொய் சொல்லாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, வயதுக்குத் தகுந்தபடி சொல்வது.

நீங்கள் சென்னையில், பெங்களூரில், துபாயில் இருக்கிறீர்களா?

குமரிக் கடற்கரையிலிருந்து வேலைக்காக வெளியூர் போனவர்கள் ஏராளம். ஊரில் இருக்கும் அப்பாவோ, அக்காவோ, நண்பரோ இப்படித் தவித்தால் தூரத்திலிருந்தே செய்ய முடிந்தவை இவை:

- தேதியை நினைவில் வையுங்கள். நவம்பர் 30, டிசம்பர் 26, புயல் எச்சரிக்கை வரும் நாட்கள் கனமானவை. அன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.
- 'மக்கா, சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா?' என்ற கேள்வி போதும். நடந்ததை விவரிக்கச் சொல்ல வேண்டாம்.
- ஒப்பிடாதீர்கள். 'அவங்க வீட்ல ரெண்டு பேர் போனாங்க, அவங்க தேறலையா?' என்பது ஆறுதல் இல்லை.
- பொய் உறுதி வேண்டாம். 'கண்டிப்பா வந்துடுவாரு' என்பதும், 'இனி வரமாட்டார், விடு' என்பதும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுதான்.
- பேப்பர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி, வாரிசுச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் என்று ஆன்லைனில் முடிப்பவற்றை நீங்கள் செய்துவிட்டால், அது பெரிய மனநல உதவி.
- பரப்பும் முன் யோசியுங்கள். பழைய புயல் வீடியோவை 'அதிர்ச்சிக் காட்சி' என்று ஃபார்வர்டு செய்வது, ஒரு வீட்டில் ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசுவது, பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, எல்லாரிடமிருந்தும் ஒதுங்குவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

எங்கே உதவி கிடைக்கும்?

மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. உடல் நோய்க்கு இருப்பதுபோலவே மனநல சிகிச்சைக்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்பதும் இதே சட்டத்தில்தான்.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் போனிலிருந்தே தொடங்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பேரிடர் என்றால் முதல் வாரம் கேமராக்கள் வரும், முதல் மாதம் நிவாரணம் வரும். மனநல உதவி அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகு, எல்லாரும் போன பின்னால். அடுத்த புயலுக்குப் படகுகளில் சாட்டிலைட் போன் வேண்டும் என்று கேட்பது எவ்வளவு நியாயமோ, கரையில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் உளவியல் முதலுதவி தெரிந்த நான்கு பேர் வேண்டும் என்று கேட்பதும் அவ்வளவு நியாயம்.

*(மனஅழுத்தம், தற்கொலை எண்ணம் இருந்தால் உடனே உதவி கேளுங்கள்: டெலி மானஸ் – 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் – 104, சிநேகா, சென்னை – 044-24640050)*